எம்.இ. முடிச்சா போதுமா, பாடம் நடத்த? இன்ஜினீயரிங் கல்லூரியின் புது ஆசிரியர்களுக்கு யார் பயிற்சி தருகிறார்கள்?

போன ஜூலையில் என் பள்ளித் தோழி ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். திங்கட்கிழமை ஆர்டர் கைக்கு வந்தது. புதன்கிழமை காலை 60 பேர் முன்னால் நின்றாள். நடுவில் இருந்த செவ்வாய்க்கிழமைதான் அவளுக்குக் கிடைத்த பயிற்சிக் காலம். அதிலும் பாதி நாள் பயோமெட்ரிக் பதிவுக்கும் ஐ.டி. கார்டுக்கும் போய்விட்டது.

"எனக்கு எப்படி நடத்தினாங்களோ, அப்படியே நானும் நடத்திட்டேன்டி" என்றாள். இன்ஜினீயரிங் வகுப்பறைகள் ஏன் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடைக்காது.

பள்ளிக்கு பி.எட்., கல்லூரிக்கு?

பள்ளியில் பாடம் எடுக்க பி.எட். வேண்டும், தகுதித் தேர்வு வேண்டும். இன்ஜினீயரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக பி.இ. அல்லது பி.டெக்., அதோடு எம்.இ. அல்லது எம்.டெக்., இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு. அவ்ளோதான். பாடம் தெரியுமா என்று பார்க்கிறார்கள். பாடம் நடத்தத் தெரியுமா என்பதற்கு டிகிரி எதுவும் கேட்பதில்லை.

இந்தக் குறை டெல்லிக்குத் தெரியாமல் இல்லை. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே 1960-களில் நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. நம்ம தரமணியில் இருக்கும் என்.ஐ.டி.டி.டி.ஆர். 1964-ல் வந்தது. போபால், கொல்கத்தா, சண்டிகரிலும் இதே போல் உண்டு. புதிதாகச் சேர்கிற ஆசிரியர்கள் 8 மாட்யூல்கள் கொண்ட பயிற்சியை முடித்தால்தான் தகுதிகாண் பருவம் முடிந்ததாக அறிவிக்கப்படும் என்று ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதிமுறை சொல்கிறது. ஸ்வயம் தளத்தில் ஆன்லைனிலேயே படிக்கலாம். பாடத் திட்டமிடல், மாணவர் மதிப்பீடு, தொழில் அறம், நிர்வாகம் எல்லாம் அதில் வருகிறது. பிறகு ஒரு வழிகாட்டியின் கீழ் பயிற்சி, தொழிற்சாலை அனுபவம் என்று அடுத்த கட்டங்கள்.

பேப்பரில் பார்த்தால் செம திட்டம். என் தோழி அதைப் படிக்கும் விதம் வேறு: "ராத்திரி 11 மணிக்கு வீடியோவை ஓடவிட்டுட்டு, பக்கத்துல இன்டர்னல் பேப்பர் திருத்திட்டு இருப்பேன்." பயிற்சிக்கு என்று வேலை நேரத்தைக் குறைத்துக் கொடுக்க அவள் கல்லூரி தயாராக இல்லை. 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு சரியாக வந்தால் போதும் என்று நினைக்கிற கல்லூரிகளும் இருக்கின்றன. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்ட விவகாரம் 2024-ல் தமிழ்நாட்டில் வெடித்தது நினைவிருக்கலாம். தலையை எண்ணும் இடத்தில், அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்பது?

லாரி மோதினால் யாருக்கு அடி?

நல்லா நடத்துகிற ஆசிரியருக்குப் பயிற்சி எதுக்கு என்று கேட்பவர்கள் ஹார்வர்டின் எரிக் மசூர் கதையைக் கேட்க வேண்டும். இயற்பியல் பேராசிரியர். மாணவர்களிடம் நல்ல பெயர். 1990-களின் தொடக்கத்தில் தன் வகுப்புக்கு ஓர் எளிய டெஸ்ட் வைத்தார். பெரிய லாரியும் சின்ன காரும் மோதினால் எது எதன் மீது அதிக விசையைச் செலுத்தும் என்கிற மாதிரிக் கேள்விகள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டும் சமம். கஷ்டமான கணக்குகளைப் போடத் தெரிந்த மாணவர்களே இதில் தடுமாறினார்கள். ஃபார்முலா மனப்பாடம் ஆகியிருந்தது, அடிப்படை புரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் லெக்சரைக் குறைத்தார். ஒரு கேள்வி போடுவார், எல்லாரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடி, மறுபடியும் பதில் சொல்ல வேண்டும். இப்போதுதான் புரிந்துகொண்ட ஒரு மாணவரால், இன்னும் புரியாதவருக்கு எங்கே இடிக்கிறது என்பதைச் சட்டென்று பிடிக்க முடிகிறது. பேராசிரியருக்கு அது மறந்துபோய் பல வருடம் ஆகியிருக்கும்!

இது ஒரு வகுப்பின் அனுபவம் மட்டும் இல்லை. அறிவியல், இன்ஜினீயரிங், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கட்டுரை, வெறும் லெக்சர் வகுப்பில் ஃபெயில் ஆகும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது.

சரி, ஜூனியரால் எதை மாற்ற முடியும்?

இணைப்புக் கல்லூரி என்றால் சிலபஸும் செமஸ்டர் வினாத்தாளும் பல்கலைக்கழகத்தின் கையில். தன்னாட்சிக் கல்லூரியில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, ஆனால் அது சீனியர்கள் கையில்.

2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினர் ஆனது. அதன் அடிப்படை, என்ன நடத்தினோம் என்பதைவிட மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்று பார்ப்பது. அருமையான யோசனை. ஆனால் பல துறைகளில் அது எக்ஸெல் ஷீட்டில் 1, 2, 3 என்று நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது. அதை நிரப்புவதும் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்தான்.

மிச்சம் இருப்பது இன்டர்னல் மதிப்பெண். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு 40. என்னைக் கேட்டால், ஜூனியர் ஆசிரியரின் அதிகார எல்லை இந்த 40-தான். அங்கே மனப்பாடக் கேள்வி கேட்பதா, யோசிக்க வைப்பதா என்பதை அவரால் ஓரளவு தீர்மானிக்க முடியும். அதற்கும் துறைத் தலைவர் தலையாட்ட வேண்டும்.

என் தோழி அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. போன மாதம் ஒரு கேள்வியை மட்டும் போர்டில் எழுதினாள்: 100 வாட் பல்பையும் 60 வாட் பல்பையும் தொடரில் இணைத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும்? முக்கால்வாசிக் கைகள் 100-க்கு உயர்ந்தன. பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னாள். வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பு சீனியர் வந்து கதவைத் திறந்தார்.

"என்னம்மா, ஒரே சத்தம்?"

"சார், 60 வாட்தான் பிரகாசமா எரியும்னு பசங்க ஒருத்தருக்கொருத்தர் சண்டை போட்டுட்டு இருக்காங்க சார்."

அவர் போர்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாராம்.