இருட்டுக் கூரையில் மறைந்திருந்த பாம்பு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வடபகுதியில் ஒரு சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை ‘பெயரிடப்படாத 19-ஆம் குகை’ என்றே குறிப்பிடுகிறார்கள். அது இருக்குமிடத்தை வெளியிடுவதில்லை. தெரிந்துவிட்டால் ஆட்கள் வந்து பாழாக்கிவிடக் கூடும். பகல் வெளிச்சம் எட்டாத உள்ளறை ஒன்றின் கூரையில் மெல்லிய களிமண் படலம் படிந்திருக்கிறது. அதில் நுண்கோடுகளாகக் கீறப்பட்ட நூற்றுக்கணக்கான உருவங்கள் இருப்பது 1998-இல் தெரியவந்தது.

ஆனால் அதே கூரையில் இருந்த மிகப் பெரிய உருவங்கள் அதற்குப் பிறகும் சுமார் இருபது ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. கூரை அவ்வளவு தாழ்வானது. சில இடங்களில் இரண்டடி உயரம்தான். மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே உள்ள சிறு பகுதி மட்டுமே தெரியும். பெரிய கோலத்தின் மேல் ஊரும் எறும்புக்குக் கோலம் தெரியாதது போன்ற நிலை. விலகி நின்று பார்க்க அங்கே இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கித் தந்தது ஒளிப்பட அளவியல் எனப்படும் போட்டோகிராமெட்ரி. டென்னசி பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஜான் சைமெக், ஒளிப்படக் கலைஞர் ஸ்டீபன் ஆல்வரெஸ், ஆலன் கிரெஸ்லர் ஆகியோர் அந்தக் கூரையை 16,000-க்கும் மேற்பட்ட படங்களாக எடுத்துக் கணினியில் முப்பரிமாண வடிவம் உருவாக்கினார்கள். முடிவுகள் 2022-இல் ‘ஆன்டிக்விட்டி’ ஆய்விதழில் வெளியாயின.

படங்களிலிருந்து அளவெடுக்கும் எண்ணம் புதிதல்ல. 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர் உயரத்திலிருந்து விழப் பார்த்தார். கட்டடத்தின் மேல் ஏறாமல் படங்களைக் கொண்டே அளக்க முடியாதா என்ற யோசனை அந்த விபத்தில் பிறந்தது.

அடிப்படை எளிமையானது. ஒரே பாறையை இரண்டு இடங்களில் நின்று படமெடுத்தால், அருகில் உள்ள புள்ளி படத்தில் அதிகம் நகர்ந்திருக்கும். தொலைவில் உள்ளது குறைவாக நகர்ந்திருக்கும். இந்த நகர்வின் அளவிலிருந்து ஆழத்தைக் கணக்கிடலாம். அதனால்தான் ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டிருக்குமாறு எடுக்கிறார்கள். பல படங்களிலும் காணப்படும் ஒரே புள்ளிகளைக் கணினி தேடிப் பொருத்துகிறது. எந்தப் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, ஒவ்வொரு புள்ளியும் முப்பரிமாண வெளியில் எங்கே நிற்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது. முதலில் கோடிக்கணக்கான புள்ளிகளின் திரள் கிடைக்கும். அவற்றை இணைத்தால் பரப்பு உருவாகும். அதன்மேல் படத்தின் நிறத்தைப் போர்த்தினால் குகைச் சுவர் திரையில் எழும். படங்கள் மட்டும் உண்மையான அளவைச் சொல்லிவிடாது. எனவே அளவுகோல் ஒன்றையும் படத்துக்குள் வைக்க வேண்டும்.

குகைக்குள் இந்த வேலை கடினம். விளக்கை மாற்றி மாற்றிப் பிடித்தால் நிழல்கள் இடம்மாறும். நகரும் நிழலைக் கணினி பாறையின் வடிவமாக எடுத்துக்கொண்டு குழம்பும். ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே சீரான, பரவலான ஒளி தேவை. ஈரத்தில் மின்னும் பரப்பும் தொல்லைதான்.

இத்தனை பாடுபட்டு உருவான வடிவத்தில், நேரில் செய்ய முடியாதவற்றைச் செய்யலாம். குகைத் தரையையே கழற்றிவிட்டு, கூரையைக் கீழிருந்து முழுவதுமாகப் பார்க்கலாம். நிறத்தை நீக்கிவிட்டு மேடுபள்ளத்தை மட்டும் ஆராயலாம். திரையில் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்தால், கண்ணுக்குத் தப்பிய கீறலும் நிழல் விழுந்து தெரியும்.

அப்படித்தான் அந்தப் பெரிய உருவங்கள் வெளிப்பட்டன. ஒன்று மூன்று மீட்டருக்கும் நீளமான பாம்பு. கிலுகிலுப்பை விரியனை ஒத்தது. அலங்கார உடை அணிந்த மனித வடிவங்களும் இருந்தன. வடஅமெரிக்கக் குகைகளில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய உருவங்கள் இவை. வரைந்தவர்கள் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, கி.பி. முதல் ஆயிரமாண்டில் அப்பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்கள்.

வடிவம் கிடைத்ததும் அம்மக்களைப் பற்றிய ஓர் உண்மையும் துலங்குகிறது. தீப்பந்த வெளிச்சத்தில், தலைக்கு மேல் ஓரிரு அடியில் இருந்த கூரையில் இவ்வளவு பெரிய உருவத்தை வரைந்தவர், அதை ஒரே பார்வையில் முழுதாகக் கண்டிருக்க வழியில்லை. முழு உருவத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டே கையை நகர்த்தியிருக்க வேண்டும். கூட்டம் நின்று ரசிக்க வரைந்தவை என்று இவற்றைச் சொல்ல முடியாது. குகைகளைக் கீழுலகின் வாயில்களாகக் கருதிய மரபு அப்பகுதிப் பழங்குடிகளிடம் உண்டு. அந்த நம்பிக்கையோடு சேர்த்துத்தான் இவற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குகையில் மனிதர் என்ன செய்தனர் என்பதற்கு ஓவியத்தின் உருவம் மட்டும் சான்றல்ல. அது எந்தக் கூரையில், எந்த உயரத்தில், எந்த இருளில் இருக்கிறது என்பதும் சான்றே. தட்டையான படத்தில் தொலைந்துபோகும் இச்செய்தியை முப்பரிமாண வடிவம் காப்பாற்றித் தருகிறது.

அழியப்போவதைப் பதிந்துவைக்கவும் இம்முறை உதவுகிறது. பிரான்சில் மார்செய் நகருக்கு அருகே கடலுக்கடியில், 37 மீட்டர் ஆழத்தில் வாயில் கொண்ட காஸ்கேர் குகையின் ஓவியங்களைக் கடல்மட்ட உயர்வு அரித்துவருகிறது. லேசர் அளவீட்டோடு ஒளிப்பட அளவியலையும் கொண்டு பதிவுசெய்ததால், 2022-இல் அதன் மாதிரிக் குகையை மார்செயில் திறக்க முடிந்தது.

இதற்கு அடிப்படைக் கருவி ஒரு கேமராவும் பொறுமையும்தான். எங்கேனும் பாறையில் பழைய ஓவியத்தையோ கீறலையோ கண்டால், அதைத் தொடாதீர்கள்; தெளிவாகத் தெரிய வேண்டுமென்று தண்ணீர் தெளிக்காதீர்கள், சுண்ணக்கட்டியால் கோடு இழுக்காதீர்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பல கோணங்களில் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.