ஆண்களின் முதுமைச் சோர்வும் காலை நேர இரத்தப் பரிசோதனையும்

ஆண்கள் தங்களுக்குள்ளும் பேசத் தயங்கும் ஒரு செய்தியை இம்மலரில் எழுத முன்வந்துள்ளேன். ஆலயச் செயற்குழுவில் என் வயதொத்த அன்பர்கள் சிலர், "சார், எதிலும் நாட்டமில்லை, உடம்பு சோர்ந்து போகிறது" என்று கூறக் கேட்கிறேன். அவர்களுள் சிலர் மருத்துவரை நாடாமல், 'ஆண்மைக் காப்பி' என்று விற்கப்படும் தூள்களை நாடுகின்றனர். இத்தகைய சில தூள்களில் மருந்துகள் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய, சிங்கப்பூர் சுகாதாரத் துறைகள் கண்டறிந்து எச்சரித்துள்ளன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உட்கொள்வோருக்கு இக்கலப்பு உயிராபத்தை விளைவிக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விரைகளில் சுரக்கும் ஹார்மோன். தசை, எலும்பு, இரத்த அணுக்கள், இல்லற நாட்டம் ஆகியவற்றுக்கு அது துணை நிற்கிறது. நடுவயதுக்குப் பின் அது சிறிது சிறிதாகக் குறைவது இயற்கை. அக்குறைவு மட்டுமே நோயாகாது.

குறைபாடு என்று முடிவு செய்ய, அறிகுறிகளும் வேண்டும். இரத்தத்தில் அளவு குறைந்தும் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010ஆம் ஆண்டில் வெளியானது. இல்லற நாட்டம் குறைதல், காலை விறைப்பு குறைதல், விறைப்பின்மை ஆகிய மூன்றும் இருந்து, ஹார்மோன் அளவும் குறைந்திருந்தோர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே. ஆகவே, சோர்வை மட்டும் கொண்டு இக்குறைபாடு என்று தீர்மானிப்பது தவறு. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் அதற்குக் காரணமாகலாம்.

இனி, பரிசோதனை முறை. இந்த ஹார்மோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும். உணவு உண்டாலும் அளவு இறங்கும். எனவே காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். காய்ச்சல் போன்ற நோயுற்ற வேளையில் சோதிக்கலாகாது. அளவு குறைவாகத் தெரிந்தால், வேறொரு நாள் காலையில் மீண்டும் சோதிக்க வேண்டும். ஐரோப்பிய நெறிமுறைகளின்படி, லிட்டருக்கு 8 நானோமோலுக்குக் கீழே இருப்பது குறைவு; 12க்கு மேல் இருப்பது பெரும்பாலும் இயல்பு. இடைப்பட்ட அளவுக்கு மேலும் சோதனைகள் தேவை. கோளாறு விரையிலா, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலா என்பதை எல்.எச். என்னும் மற்றொரு ஹார்மோனின் அளவு காட்டும்.

காரணத்தையும் தேட வேண்டும். உடற்பருமன், இனிப்பு நீர், குறட்டையோடு மூச்சு தடைபடும் உறக்கம், மார்பின் வகை வலிமருந்து, ஸ்டீராய்டு ஆகியவை அளவைக் குறைக்கும். பருமனானவர் எடையைக் குறைத்தாலே அளவு உயர்வதுண்டு. ஹார்மோன் சிகிச்சையோ இரத்தத்தைத் தடிப்பாக்கக் கூடும். பிள்ளைப்பேற்றை விரும்புவோருக்கு விந்தணுவைக் குறைத்துவிடும். புராஸ்டேட் சோதனையும் முன்னதாகத் தேவை.

பெரியோர்களே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலோடு, முடிந்தால் துணைவியாரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரைக் காணுங்கள். ஒரே ஒரு மாலை நேரச் சோதனையை வைத்து ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.