காலண்டரில் கை வைக்கும் முன்...

பால் கணக்கு, சீட்டுப் பணம், காஸ் சிலிண்டர் வந்த தேதி, குழந்தைக்கு ஊசி போட வேண்டிய நாள் - எல்லாமே ஒரு காலத்தில் சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில்தான் இருந்தன. இன்று அந்தக் காலண்டர் செல்போனுக்குள் குடியேறிவிட்டது. அது மட்டுமா? "இதை அடுத்த புதன்கிழமைக்கு மாத்திடு" என்று வாயால் சொன்னால் போதும், தானே திருத்தி எழுதிவிடும் ஏஐ உதவியாளரும் வந்தாயிற்று. 'ஏஜெண்ட்' என்கிறார்கள் அதை.

"சௌகரியம்தானே, இதிலே என்ன வம்பு?" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே!

ஏஜெண்டுக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. காலண்டரைத் தொடுவதற்கென்று அதனிடம் ஒரு கருவியைக் கொடுக்கிறார்கள். பார்க்க, சேர்க்க, மாற்ற, அழிக்க என்று நாலு வேலை செய்யும் மென்பொருள் அது. ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் உண்டு. வீட்டுக்கு வந்த புது மருமகளிடம் உப்பு எந்த டப்பா, சர்க்கரை எந்த டப்பா என்று சொல்லி வைக்கிறோமே, அது மாதிரி. குறிப்பில் சொல்லாததை ஏஜெண்ட் ஊகம் செய்யும். ஊகம் தப்பினால் தேதி தப்பும்!

கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் ஓர் இளம் தாய் என்று வைத்துக்கொள்வோம். அரசு அட்டவணைப்படி குழந்தைக்கு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலண்ட் தடுப்பூசி. நாலு வாரத்துக்கு ஒரு முறை வரும்படி மூன்றையும் ஒரே தொடராகக் காலண்டரில் போட்டிருக்கிறாள். முதல் ஊசி நல்லபடியாக முடிந்தது. 10-வது வாரம் அடைமழை, மலைப்பாதையில் மண்சரிவு. "இந்த ஊசியை ஒரு வாரம் தள்ளிப் போடு" என்கிறாள் ஏஜெண்டிடம்.

இங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! தொடராக வரும் பதிவை மாற்ற மூன்று வழிகள் உண்டு: 'இது மட்டும்', 'இதுவும் இனி வருபவையும்', 'எல்லாமே'.

'இது மட்டும்' என்று மாற்றினால் இரண்டாவது ஊசி 11-வது வாரம் போகும்; மூன்றாவது 14-வது வாரத்திலேயே நின்றுவிடும். நடுவே மூன்றே வாரம். ஆனால் இரண்டு தவணைக்கும் இடையே குறைந்தது நாலு வாரம் வேண்டும். 'எல்லாமே' என்றாலோ, ஏற்கெனவே போட்டு முடித்த முதல் ஊசியின் தேதியும் மாறிவிடும். ஆகவே இங்கே சரியானது நடு வழிதான்.

(தவணை தள்ளிப் போனால் பயம் வேண்டாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.)

முடிந்துபோன பதிவைத் தொடக்கூடாது என்பதற்குக் கொடைக்கானலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1899-ல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எந்தப் படம் எந்த நாளில் எடுத்தது என்று தெரிவதால்தான் விஞ்ஞானிகளுக்கு அவை இன்றும் பயன்படுகின்றன. தேதி மாறினால் அத்தனையும் வீண். குழந்தையின் ஊசிக் கணக்கும் அப்படித்தான்.

சரி, நல்ல விளக்கக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

1. முதலில் பார், பிறகு மாற்று. 'டாக்டர்' என்ற பெயரிலேயே இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்று குழந்தைக்கு, மற்றது மாமியாரின் சர்க்கரை வியாதிக்கு. செல்போன் காலண்டர்கள் பின்பற்றும் 'ஐகேலண்டர்' என்ற பொது விதிமுறை 1998-ல் வந்தது. அதன்படி ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் உண்டு. பெயரை நம்பாமல் அதை வைத்தே மாற்ற வேண்டும்.

2. தொடராக வரும் பதிவா? மூன்று வழிகளில் எது என்று கேட்காமல் கை வைக்கக் கூடாது.

3. நேரத்தோடு ஊரும் வேண்டும். சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கேயிருக்கும் தம்பி 'ஏழு மணிக்குப் பேசறேன்' என்றால் எந்த ஊர் ஏழு?

4. நட்சத்திரம் பார்த்து வரும் விசேஷங்களுக்கு 'வருஷா வருஷம் இதே தேதி' என்று போடக் கூடாது. பழனி தைப்பூசம் 2024-ல் ஜனவரி 25, 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

5. அழிக்கும் முன் அனுமதி கேள். மாற்றிய பிறகு பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் சொல்லிக் காட்டு.

"இதெல்லாம் மென்பொருள் எழுதறவங்க கவலை இல்லையா?" என்று கேட்கலாம். பாதி அவர்கள் கவலை, பாதி நம்முடையது! கருவிக்குக் காலண்டர் தெரியும். நம் வீடு தெரியாது. பல ஏஐ உதவியாளர்களில் நிரந்தரக் குறிப்பு எழுதி வைக்க வசதி இருக்கிறது. அதில் இந்த நாலு வரியை எழுதி வையுங்கள்: "தடுப்பூசியில் ஒன்றைத் தள்ளினால் அடுத்ததையும் தள்ளு. முடிந்ததைத் தொடாதே. கேட்காமல் அழிக்காதே. சந்தேகம் வந்தால் என்னைக் கேள்."

எத்தனை கெட்டிக்கார ஏஜெண்டாக இருந்தாலும், கடைசிப் பேச்சு சுகாதார நிலையத்தில் கொடுக்கும் தடுப்பூசி அட்டையுடையதுதான். ஒவ்வொரு ஊசி முடிந்ததும் அட்டையையும் செல்போனையும் பக்கத்தில் வைத்து, அடுத்த தேதி இரண்டிலும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். இரண்டே நிமிஷ வேலை!