அலர்ஜி டெஸ்ட் எடுக்கப் போறீங்களா? ரிசல்ட் வர எவ்வளவு நேரம் ஆகும்?

தூசி, இறால், வேர்க்கடலை... எது ஒத்துக்கலைன்னு ஒரே நாள்ல தெரிஞ்சிடுமா? அது டெஸ்ட்டைப் பொறுத்தது.

முன்கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்தும் 'ஸ்கின் ப்ரிக்' டெஸ்ட்டில் 15 முதல் 20 நிமிடங்களில் தடிப்பு தெரிந்துவிடும். ஆனால் செடிரிசின் போன்ற மாத்திரைகளை, டாக்டரிடம் கேட்டு, சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலர்ஜி இருந்தும் 'இல்லை' என்று காட்டலாம். நிறுத்த முடியாதவர்களுக்கு ஐஜிஇ ரத்தப் பரிசோதனை இருக்கு; ரிசல்ட்டுக்குச் சில நாட்கள் ஆகும்.

ஹேர் டை, கவரிங் நகையால் வரும் அரிப்புக்கு 'பேட்ச் டெஸ்ட்'. முதுகில் ஒட்டிய பட்டை 48 மணி நேரம் நனையாமல் இருக்கணும். வெயில் காலத்துல கொஞ்சம் கஷ்டம்தான்! பிரித்த பிறகும் ஓரிரு நாளில் மறுபடி காட்டணும்.

சந்தேகப்படும் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு அரை நாள் ஆகலாம். மூச்சுத்திணறல் வரை போகும் ஆபத்து இருப்பதால், இதை வீட்டில் முயற்சிக்கவே கூடாது.