சாலையின் விலை – 9: குறைந்த பிரீமியம் யார் கணக்கில்?

கார் செய்தே பேர் வாங்கிய டெட்ராய்ட்டில், 2019 வாக்கில் பலருக்குக் காரை வாங்குவதைவிட அதற்கு இன்ஷூரன்ஸ் கட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. சராசரி ஆண்டு பிரீமியம் 5,000 டாலரைத் தாண்டியது. கட்ட முடியாதவர்கள் இன்ஷூரன்ஸ் இல்லாமலே ஓட்டினார்கள். சிலர் புறநகரில் இருக்கும் உறவினர் முகவரியைக் கொடுத்துப் பாலிசி எடுத்தார்கள்.

இதன் வேர், டெட்ராய்ட் இருக்கும் அமெரிக்க மாநிலமான மிஷிகனில் 1973இல் நடைமுறைக்கு வந்த ‘நோ-ஃபால்ட்’ சட்டத்தில் இருக்கிறது. விபத்தில் தப்பு யார் மேல் என்று பார்க்காமல், அடிபட்டவரின் மருத்துவச் செலவை அவரவர் இன்ஷூரன்ஸே கொடுத்துவிடும். பல மாநிலங்களில் இந்த முறை உண்டு. ஆனால் உச்சவரம்பே இல்லாமல், ஆயுள் முழுக்கக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2019 வரை வைத்திருந்தது மிஷிகன் மட்டும்தான். முதுகெலும்பு முறிந்து படுத்த படுக்கையானவருக்கு அது பெரும் வரம்.

குறை வேறிடத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி பில்லுக்குக் கடிவாளமே இல்லை. ஒரே ஸ்கேனுக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுப்பதைவிடப் பல மடங்கு தொகையை வாகன இன்ஷூரன்ஸிடம் கேட்க முடிந்தது.

2019 மே 30 அன்று ஆளுநர் கிரெட்சன் விட்மர் திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2020 ஜூலை முதல், எவ்வளவு மருத்துவக் காப்பு வேண்டும் என்பதை ஓட்டுநரே தேர்ந்தெடுக்கலாம்: வரம்பற்றது, 5 லட்சம் டாலர், 2.5 லட்சம் டாலர் என்று பல படிகள். பிரீமியத்தை நிர்ணயிக்கும்போது பாலினம், திருமண நிலை, சொந்த வீடு போன்றவற்றைப் பார்க்கக் கூடாது என்றும் தடை வந்தது. பலத்த காயங்களுக்கான பொது நிதியில் உபரி சேர்ந்ததால், 2022இல் வாகனத்துக்கு 400 டாலர் திரும்பக் கிடைத்தது.

இதுவரை நல்ல செய்தி. 2021 ஜூலையில் அதே சட்டத்தின் கட்டண வரம்பு அமலுக்கு வந்ததும் கதை மாறியது.

ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குப் பொதுவாக மெடிகேர் கட்டணத்தைப் போல இரு மடங்கு வரை என்று விதித்தார்கள். ஆனால் வீட்டோடு இருந்து ஆண்டுக்கணக்கில் செய்யும் பணிவிடைக்கு மெடிகேரில் கட்டணமே கிடையாது. அத்தகைய சேவைகளுக்கு, 2019 ஜனவரியில் வாங்கிய தொகையில் 55 சதவீதம்தான் என்று ஒரே வெட்டு. மணிக்கு 30 டாலர் வாங்கிய நிறுவனத்துக்கு இனி 16.50. அதில்தான் பணியாளர் சம்பளமும் அடங்க வேண்டும். அன்று நியாயமாக வாங்கியவர் நொடித்தார். கொள்ளையாக வாங்கியவர் தாக்குப்பிடித்தார். பராமரிப்பு நிறுவனங்கள் சில மூடப்பட்டன. வேறு சில, நோயாளிகளைக் கைவிட்டன.

குடும்பத்தாரே பார்த்துக்கொண்டால் வாரத்துக்கு 56 மணி நேரம், அதாவது நாளுக்கு எட்டு மணி நேரம்தான் கணக்கு. வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். கழுத்துக்குக் கீழே உணர்வில்லாதவரைப் படுக்கைப்புண் வராமல் இரவிலும் சில மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். செயற்கைச் சுவாசம் பெறுபவர் என்றால் தொண்டைக்குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க ஆள் விழித்திருக்க வேண்டும். எட்டு மணி நேரம் முடிந்துவிட்டது என்று தாயோ மனைவியோ எழுந்துபோக முடியுமா?

2023 ஜூலை 31 அன்று மிஷிகன் உச்ச நீதிமன்றம், பழைய சட்டத்தின்கீழ் பாலிசி இருந்தபோது அடிபட்டவர்களுக்கு இந்த வெட்டுகள் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தின்கீழ் எடுத்த பாலிசி இருந்தபோது அடிபட்டவர்களுக்கு அந்த நிவாரணம் இல்லை. வரம்பற்ற காப்புக்குப் பிரீமியம் கட்டியவர்களும் இதில் அடக்கம்.

பிரீமியம் குறையத்தான் வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி பில்லை அடக்கியது சரி. வீட்டுப் பராமரிப்புக்கும், பழைய விலையைப் பாதியாக்காமல், மணிக்கு இவ்வளவு என்று நியாயமான கட்டணத்தைச் சட்டமன்றம் நிர்ணயித்தாக வேண்டும்.

2003இல் நோ-ஃபால்ட் முறையையே கைவிட்ட கொலராடோவில் என்ன நடந்தது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)