நகராத புயல், நிறைந்த சாத்தனூர்



2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரி அருகே கரை கடந்தது ஃபெஞ்சல் புயல். கடந்த கையோடு வலுவிழந்து விலகவில்லை. பல மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்று பெய்தது. பிறகு மெல்ல மேற்கே நகர்ந்து, உள் மாவட்டங்களையும் நனைத்தது. தென்பெண்ணை ஆற்றுப் படுகையில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் கொட்டிய மழை சுமார் 50 சென்டிமீட்டர்!

அந்த நீரெல்லாம் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் 2 அதிகாலை, விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்! விழுப்புரம், கடலூர் வரை ஆற்றங்கரையோர ஊர்களும் வயல்களும் மூழ்கின.

திருவண்ணாமலை நகரிலோ, ஊறிப்போன மலைச்சரிவு டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகர் வீடுகள்மீது சரிந்து, ஏழு உயிர்களைப் பறித்தது.

புயலின் வேகத்தை மட்டும் பார்த்து அஞ்சினால் போதாது. நகராமல் நிற்கும் புயலே அதிக மழையைக் கொட்டும்.