மேகமூட்டத்தில் வான் ஒளிப்படம் எடுத்தல்

மேகம், ஈரப்பதம், காற்றுக் கொந்தளிப்பு ஆகியவற்றுக்கு இடையே கிடைக்கும் சிறு இடைவெளிகளைப் பயன்படுத்தி இரவு வானையும் சூரியனையும் படமெடுக்கப் பொழுதுபோக்கு வானியலாளர்கள் சில முறைகளைக் கையாளுகின்றனர்.

வானம் தெளிவாக இருப்பதும் காற்று அமைதியாக இருப்பதும் ஒன்றல்ல. மழை ஓய்ந்த இரவில் விண்மீன்கள் பளிச்சென மினுக்கும். பார்க்க அழகுதான், ஆனால் அந்த மினுக்கமே கொந்தளிப்பின் அடையாளம். அப்போது தொலைநோக்கியில் வியாழனின் பட்டைகள் ஓடும் நீருக்கடியில் கிடப்பவை போல நெளியும். மாறாக, மெல்லிய மூட்டம் படர்ந்த அமைதியான இரவில் மங்கலான விண்மீன் பேரடைகள் மறைந்துவிட்டாலும் நிலவும் கோள்களும் கூர்மையாகத் தெரியக்கூடும். அன்றைய வானுக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை.

நிலவு, கோள்கள், சூரியன் போன்ற ஒளிமிக்க பொருள்களைக் காணொளியாகப் பதிவு செய்வர். காற்று ஒரு கணம் அசையாதிருக்கும்போது பதிவான சட்டகங்களை மட்டும் ஆட்டோஸ்டாக்கெர்ட் போன்ற மென்பொருள் பிரித்தெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். குறுகிய நேரப் படங்களுள் அத்தகைய நல்ல படம் வாய்ப்பதற்கான நிகழ்தகவை டேவிட் ஃபிரைட் 1978இல் கணக்கிட்டுக் காட்டினார். 100 சட்டகங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால் அதன் பதிவை ஒருசில நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

நெபுலாக்களுக்கு நீண்ட ஒளிபடு நேரம் தேவை. 10 நிமிடப் படம் ஒன்றை ஒரே மேகத்துண்டு கெடுத்துவிடும். அதையே 30 நொடிப் படங்கள் இருபதாகப் பிரித்தால் இரண்டு மூன்றைக் கழித்துவிட்டு மற்றவற்றை அடுக்கலாம்.

சூரியனைப் படமெடுப்பதில் மேகம் வேறுவிதமான ஆபத்தைக் கொண்டுவருகிறது. 2019 திசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகச் சென்ற வளைய சூரிய மறைப்பு வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் இறுதியில் நிகழ்ந்தது. வளையம் நீடித்தது சுமார் 3 நிமிடமே. இத்தகைய நேரத்தில் மெல்லிய மேகம் குறுக்கிட்டால் படம் இருண்டுவிடும். வடிப்பானைக் கழற்றிவிடலாமே என்று தோன்றும். கழற்றக் கூடாது. பார்வைக்குரிய சூரிய வடிப்பான் ஒளியில் இலட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும். மேகம் அப்படி நிலையாக ஒளியைத் தடுப்பதில்லை. அது விலகும் நொடியில் கண்ணாடி வில்லை குவிக்கும் வெயில் முழுவதும் ஒளியுணரியின் மீது விழும்; கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விழித்திரை வலியே இல்லாமல் கருகிவிடும். வடிப்பானை வில்லையின் முன்புறத்திலேயே வைத்துக்கொண்டு ஒளிபடு நேரத்தை மட்டும் கூட்டி, மேகம் கலைந்ததும் மீண்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.